முதல் குடத்துத் தண்ணீர்

குழாயின் விட்டம், நீரின் அழுத்தம், பள்ளத்தின் ஆழம் எல்லாம் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட உங்களுக்கே இன்றைக்கு அதிகம் தெரியும். குடிநீர்ப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற நான், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு வேலையைப் பற்றித்தான். என் பணிக்காலத்தின் கடைசிப் பகுதியில் வந்த வேலை அது. விழா எடுக்கும் அளவுக்குப் பெரியதல்ல. ஒரு காலனிக்குப் போகும் குழாயைப் பிடுங்கிவிட்டு வேறு குழாய் போட்டோம், அவ்வளவுதான்.

பிள்ளைப்பாக்கத்தைத் தாண்டி உள்ளே போகிற சாலையில் இருக்கிறது அந்த ஊர். பெயர் வேண்டாம். ஊரும் காலனியும் தனித்தனி, நடுவே ஏரிக்கரை. ஊரில் இருந்தவர்கள் நிலத்தை விற்று, மாடி மேல் மாடி கட்டி, தொழிற்சாலை வேலைக்கு வரும் தென்மாவட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். காலனியில் விற்பதற்கு நிலம் இல்லை. அங்கிருந்தவர்கள் அதே தொழிற்சாலைகளில் கேன்டீனுக்கும் துப்புரவுக்கும் கான்ட்ராக்டில் போனார்கள். மேல்நிலைத் தொட்டி ஊருக்குள் இருந்தது. ஊர் முழுக்கப் பழைய இரும்புக் குழாய். ஏரிக்கரையில் தொடங்கி காலனி வரைக்கும் மட்டும், பின்னால் நீட்டிப் போட்ட மலிவான வெள்ளை பிளாஸ்டிக் குழாய். பாறை இருந்ததால் பள்ளம் தோண்டச் சோம்பல்பட்டு, பாதி இடங்களில் அதை மண்ணுக்கு மேலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எத்தனையோ கோடையாக வெயிலில் காய்ந்து கிடந்தது அது.

பக்கத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து காலனியின் அங்கன்வாடிக்கு முகாம் நடத்த வந்தார்கள். பிள்ளைகள் அடிக்கடி வயிற்று வலி என்று அழுததால், முகாமோடு வந்த ஒரு பெண் மருத்துவர் சந்தேகப்பட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தார். பல பிள்ளைகளின் இரத்தத்தில் காரீயம் இருந்தது. காரீயம் சின்னப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு வருகிற கேடு வேறு, பிள்ளைகளுக்கு வருகிற கேடு வேறு. கெட்டது பெரும்பாலும் திரும்பி வராது. இதை அந்த மருத்துவர்தான் என்னிடம் சொன்னார்.

ஏரிக்குப் பின்னால் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கும் கொட்டகை ஒன்று முன்பு இருந்தது. எல்லோரும் அதைத்தான் கை காட்டினார்கள். கொட்டகை மூடிக் கிடந்தது, உரிமையாளர் ஊரிலேயே இல்லை. பழி போட அதைவிட வசதியான ஆள் கிடைக்காது. நம் அலுவலகத்திலும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் சில மாதங்கள் கழித்து மறுபடி இரத்தம் பார்த்தபோது, கொட்டகை மூடிக் கிடந்தும் அளவு குறையவே இல்லை. தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர் கேட்டார். பார்த்தோம். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று முடிவு வந்தது. அவர் விடவில்லை, இன்னொரு முறை எடுங்கள் என்றார். அந்த இன்னொரு முறைக்குத்தான் நானும் கூடப் போனேன்.

மாதிரி எடுப்பவர் கோவிந்தன். துறையில் அவரைவிட ஒழுங்கானவரை நான் பார்த்ததில்லை. குழாயைத் திறந்து தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். பிறகு மூடி, குழாய் வாயை நெருப்பில் காட்டி, மறுபடி திறந்து ஓடவிட்டு, கை படாமல் பாட்டிலில் பிடிப்பார். கிருமி இருக்கிறதா என்று பார்க்க அதுதான் முறை. அன்றும் அப்படித்தான் அங்கன்வாடிக் குழாயைத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். தண்ணீர் தரையில் விழுந்து ஓடத் தொடங்கியது. உள்ளே இருந்து ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்து அதைக் குழாய்க்குக் கீழே வைத்தார். அவர்தான் அங்கன்வாடிப் பணியாளர் எஸ்தர்.

"வீணா போவுது மேடம். நான் புடிச்சிக்கிறேன்" என்றார்.

"எதுக்குப் பிடிக்கிறீங்க, கழுவறதுக்கா?"

"புள்ளைங்க குடிக்கத்தான். ஒரு நாள் வுட்டு ஒரு நாள் வுடுறாங்க. இதையும் கொட்டிட்டா அப்பால இன்னா பண்றது?"

நான் கோவிந்தனைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓடவிடும் நேரம் முடிகிறதா என்று. ஒருநாள் முழுக்க அந்த வெள்ளைக் குழாயில் வெயிலில் தேங்கிக் கிடந்த தண்ணீர் மொத்தமும் எஸ்தரின் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது தீர்ந்த பிறகு தொட்டியிலிருந்து புதிதாக வரும் தண்ணீரைத்தான் நாங்கள் பாட்டிலில் அடைத்துப் பரிசோதனைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். நாங்கள் வேண்டாம் என்று தள்ளிய தண்ணீரைத்தான் பிள்ளைகள் குடித்தார்கள்.

"கோவிந்தன், ரெண்டு பாட்டில் வேணும். ஒன்னு உங்க முறைப்படி எடுங்க. இன்னொன்னு அந்தக் குடத்துல இருந்து."

"குடத்துல எடுத்தா செல்லாது மேடம். ரூல்ஸ்ல அப்படி இல்ல."

"தெரியும். அப்போ நாளன்னிக்குத் தண்ணி விடும்போது வருவோம். திறந்ததும் விழுற முதல் தண்ணியை நேரா பாட்டில்ல பிடிங்க. ரூல்ஸ் என் தலையில."

அப்படியே செய்தோம். ஓடவிட்டு எடுத்த பாட்டில் வழக்கம்போலச் சுத்தம். முதல் தண்ணீர் பிடித்த பாட்டிலில் காரீயம், அனுமதித்த அளவைத் தாண்டி இருந்தது. அந்தக் காலத்து மலிவான குழாய்கள் சூட்டில் உருக்குலையாமல் இருக்கக் காரீயச் சேர்மம் கலந்து செய்யப்பட்டவை என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். தெரிந்தும் யாருக்கும் தோன்றவில்லை. கோவிந்தனுக்கு மெமோ கொடுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நான் முடியாது என்றேன். அவர் சொல்லிக்கொடுத்ததை அச்சுப் பிசகாமல் செய்தவர். ஒரு ஆபத்துக்காக எழுதிய முறையை இன்னொரு ஆபத்துக்கும் அப்படியே நீட்டியது நம் துறை. நீங்கள் எந்த முறையைக் கையில் எடுத்தாலும், அது எதைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு வந்த அன்றைக்கே காலனிக்குப் போய்ச் சொன்னேன். முதலில் வரும் தண்ணீரைக் குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள், துணிக்கும் பாத்திரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒரு பெண் கேட்டார், "மொதத் தண்ணிய ஒதுக்கிட்டா மிச்சம் எங்க வரும் மேடம்? நாலு குடம் வர்றதுக்குள்ள நின்னுடுது." ஊரில் எல்லார் வீட்டிலும் தரைக்குக் கீழே தொட்டி, மோட்டார். தேங்கிய தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடிக்கலாம் என்பது, ஓடவிட்டாலும் மிச்சம் இருக்கிறவர்களுக்குச் சொல்லும் யோசனை. வேலை முடியும்வரை குடிப்பதற்கு லாரித் தண்ணீர் ஏற்பாடு செய்தேன். ஒருநாள் வரும், ஒருநாள் வராது.

எஸ்தரின் மகன் ஜோயலும் அந்த அங்கன்வாடியில்தான் இருந்தான். ஐந்து வயது. இரத்தத்தில் அளவு அதிகம் இருந்த பிள்ளைகளில் அவனும் ஒருவன். எழுத்துகளைக் கற்றுக்கொள்வான், மறுநாள் மறந்துவிடுவான். காரீயம்தான் காரணமா என்று எஸ்தர் மருத்துவரிடம் கேட்டதற்கு, ஆமாம் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, இனிமேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே வைத்தியம் என்றார். லாரி வராத நாளில் பிள்ளைகள் குடித்தது அதே தண்ணீரை, அந்த நாளெல்லாம் அவர் சொன்ன 'இனிமேல்' கணக்கில்தான் சேர்த்தி. எனக்கு அந்தக் குழாயை உடனே பிடுங்க வேண்டும் என்று இருந்தது.

நல்ல வேளையாக, ஊருக்கும் காலனிக்கும் சேர்த்துப் பழைய குழாய்களை மாற்றும் வேலை ஏற்கெனவே ஒப்புதலாகி இருந்தது. கெட்ட வேளை என்னவென்றால், நம் தொழிலில் குழாய் போடுவது தொட்டியில் தொடங்கி வாலில் முடியும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. தொட்டிப் பக்கம் ஊர் இருக்கும், வால் பக்கம் காலனி இருக்கும். பாதி வழியில் குழாய் தீர்ந்துவிடும். மீதி இரண்டாம் கட்டத்தில் என்பார்கள். என் பணிக்காலத்தில் எத்தனையோ இரண்டாம் கட்டங்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தவை கொஞ்சம்தான்.

வாலில் இருந்து தொடங்கலாமா என்று எழுதிக் கேட்பதற்காக எங்கள் செயற்பொறியாளரிடம் போனேன். பெயர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேசாதவர், பேசினாலும் பாதியை விழுங்கிவிடுவார்.

"எழுத்துல கேட்டா எழுத்துல பதில் வரும்மா. தொட்டியில இருந்துன்னுதான் வரும். பைப்பு லாரி டிரைவருக்கு எறக்குற எடத்தைக் காட்டுறது யாரு?"

"நான்தான் சார்."

"பைப்பு எங்க எறங்குதோ அங்கதானே வேலை ஆரம்பிக்கும்?"

"ஆமா சார்."

"அப்புறம் எங்கிட்ட இன்னாத்துக்கு வந்தே?"

இறக்கிய இடத்திலிருந்து கனமான குழாய்களை இன்னொரு இடத்துக்கு எந்த ஒப்பந்தக்காரரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதி, ஆனால் எல்லா விதிகளையும்விடக் கறாராக நடப்பது. லாரியைச் சத்தமில்லாமல் காலனிக்கு விட்டுவிடுங்கள் என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். நான் அதைச் செய்யவில்லை. லாரி வருவதற்கு முதல்நாள் ஊருக்குள் தனசேகரன் வீட்டுக்குப் போனேன். ஊரில் அதிக அறைகளை வாடகைக்கு விட்டிருந்தவர் அவர்தான், அவர் சொன்னால் ஊர் கேட்கும். குழாய் நாளைக்குக் காலனியில் இறங்குகிறது, வேலை அங்கிருந்து தொடங்கும் என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் எனக்கு மோர் கொடுத்தார். சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

இதைக் கேட்டு அலுவலகத்தில் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிழைக்கத் தெரியாதவள் என்று ஒருவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். இருக்கட்டும். தெரியாமல் இறக்கியிருந்தால், காலனிக்காரர்கள் ஊருக்கு வந்ததைத் திருட்டுத்தனமாக வாங்கிக்கொண்டார்கள் என்ற பேச்சு காலத்துக்கும் நின்றிருக்கும். அவர்களுக்குச் சேரவேண்டியதைப் பகலில், எல்லோரும் பார்க்கக் கொடுப்பதும் அந்த வேலையில் ஒரு பகுதி என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை, நேராகப் போனால் ஊர், இடது பக்கம் ஏரிக்கரை வழியாகக் காலனி என்று பிரியும் முனையில் லாரி நின்றுவிட்டது. சாலையின் குறுக்கே பைக்குகளை நிறுத்திவிட்டுப் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். முன்னால் தனசேகரன். நான் ஜீப்பை விட்டு இறங்கிப் போனேன்.

"நேத்து வூட்டுக்கே வந்து சொன்னீங்க மேடம். அது மருவாத. அதனாலதான் நாங்களும் மருவாதையா நின்னுகினு கீறோம். லாரி ஊருக்குள்ள போவட்டும். எங்க தெருவுல பைப்பு இத்துப்போய் மோட்டார் போட்டா சேறு வருது. அத்தினி பொண்ணுங்க தங்கியிருக்குதுங்க. காலனிக்கு அடுத்த லோடு எறக்கிக்கலாம்."

"அடுத்த லோடு வரும்னு எனக்குத் தெரியாது. வரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"அப்போ எங்களுக்கு இல்லன்றீங்க."

"முதல்ல அவங்களுக்கு. மிச்சம் இருக்கிறது உங்களுக்கு. உங்க பைப்புல வர்றது துரு, வடிகட்டலாம். அவங்க பைப்புல வர்றது விஷம். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது."

பின்னால் இருந்து யாரோ, "அவங்களுக்குப் போட்டுட்டு மிச்சம் மீதி எங்களுக்கா? காலங்காலமா இப்படியா நடக்குது?" என்றார்கள். யார் என்று தெரியவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தனசேகரன் மட்டும் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டார். துருவும் மோட்டாரும் எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் அந்தச் சாலையை மறித்து நின்றது அந்தக் கடைசிப் பேச்சு. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட்டம் இரண்டாகி, லாரி அங்கேயே கிடந்திருக்கும்.

அடுத்த லோடு வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் கலைந்துவிடுவார்கள் என்று எனக்கும் தெரியும். நம் துறையில் நெருக்கடி வந்தால் முதலில் நாக்கில் வருவது அந்த வார்த்தைதான். நானும் அதை விழுங்கிக்கொண்டே நின்றேன். காவல் நிலையத்துக்குப் போன் செய்யட்டுமா என்று டிரைவர் கேட்டார். வேண்டாம் என்றேன். போலீஸ் பாதுகாப்போடு குழாய் இறங்கினால், போலீஸ் போன பிறகு அந்தக் காலனியில் இருக்கப்போவது நானா?

அப்படியே வெயில் ஏறியது. அந்த நேரத்தில்தான் தொழிற்சாலையின் ஷிப்ட் பஸ், பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக ஊரை நோக்கி வந்தது. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. அறைகளில் இருந்து பெண்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே ஓடிவந்து முனையில் கூடிவிட்டார்கள். அதில் ஒரு பெண் நேராகத் தனசேகரனிடம் வந்தாள்.

"அண்ணே, பஸ்ஸு உள்ள வந்து திரும்ப வழியில்லாம நிக்கு. லைன்ல ஆள் இல்லன்னா சூப்பர்வைசர் எங்களைத்தான் ஏசுவாவ. நீங்க என்ன வேணாலும் பண்ணுங்க, வண்டிய மட்டும் எடுங்கண்ணே."

"செத்த இரும்மா."

"எங்கண்ணே இருக்க? பத்து நிமிசத்துல பஞ்ச் வைக்கணும்."

அவருடைய வாடகையெல்லாம் அந்த பஸ்ஸில்தான் ஏறிப் போகிறது. அவர் என்னைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், தன் பைக்கை எடுத்து ஓரமாக நிறுத்தினார். மற்றவர்களும் எடுத்தார்கள். லாரி நகர்ந்தே ஆகவேண்டும், ஆனால் எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

"லெஃப்ட் எடுங்க" என்றேன்.

இதைச் சொன்னால் சிலர் நியாயம் ஜெயித்தது என்பார்கள். ஜெயித்தது ஷிப்ட் டைம். நான் செய்ததெல்லாம் பொய் சொல்லாமல் நின்றது, வழி கிடைத்ததும் யோசிக்காமல் ஏறியது, இரண்டுதான். ஊர்க்காரர்கள் மேலிடத்தில் புகார் கொடுத்தார்கள். பைப்பு இறங்கின இடத்தில் வேலை நடந்திருக்கிறது, அதில் என்ன தப்பு என்று எங்கள் செயற்பொறியாளர் ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார். காலனி முடிந்து மீதியிருந்த குழாய் ஊரில் இரண்டு தெருவுக்குத்தான் வந்தது. தனசேகரன் தெருவுக்கு வரவில்லை. அடுத்த லோடு நான் ஓய்வுபெறும் வரைக்கும் வரவில்லை. அவர் அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. அவர் தெருவிலும் குழாய் இற்றுப்போனது உண்மைதான், அந்தக் கோபத்தை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். எல்லோருக்கும் போதுமான அளவு குழாய் அனுப்பாமல், யாருக்கு முதலில் என்ற சண்டையை மட்டும் கீழே அனுப்பிவைக்கிறவர்கள் அந்த முனையில் ஒருநாளும் வந்து நின்றதில்லை. அவர்கள் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

புதுக் குழாயில் தண்ணீர் விட்ட அன்று தேங்காய் உடைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நான் அன்று போகவில்லை. தண்ணீர் ஒருநாள் முழுக்கப் புதுக் குழாயிலேயே தேங்கி நிற்கட்டும் என்று காத்திருந்து, அடுத்த முறை திறக்கும்போது விழும் முதல் தண்ணீரைப் பிடிக்கும்படி கோவிந்தனிடம் சொன்னேன். அவர் இந்த முறை ரூல்ஸைப் பற்றிப் பேசாமல் பிடித்தார். முடிவு நல்லபடியாக வந்தது. அதைச் சொல்ல அங்கன்வாடிக்குப் போனேன். உங்களுக்கும் இதையேதான் சொல்வேன். வேலை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், யாருக்காகச் செய்தீர்களோ அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். சுகமாக இருக்காது. ஆனாலும் போங்கள்.

பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜோயல் மட்டும் தூங்காமல் சுவரோரம் உட்கார்ந்து ஒரு பாட்டில் மூடியை உருட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது, இனி முதல் குடத்தையும் தாராளமாகக் குடிக்கலாம் என்று எஸ்தரிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவர் வெறுமனே தலையாட்டினார்.

"வெயில்ல வந்து தாகம்னு கேக்கும்போதெல்லாம் நான்தான் மேடம் டம்ளர் டம்ளரா ஊத்திக் குட்த்தேன். இவனுக்கு மத்த புள்ளைங்கள வுட ஜாஸ்தி. என் புள்ளையாச்சேன்னு."

எஸ்தர் சுவரோரம் திரும்பிப் பார்த்தார்.

"எழுத்து மறந்துட்டான், மறந்துட்டான்னு இவனைப் போட்டு அடிச்சிகினு இருந்தேன். டீச்சர் புள்ளையே மக்குன்னு நாலு பேரு சொல்லுவாங்களேன்னு. ஸ்கேல் ஒடஞ்சி போற மாதிரி அடிச்சிருக்கேன்."

"ஊத்திக் கொடுத்தது நீங்க. அந்தப் பைப்பைப் போட்டது எங்க ஆபீஸ். இதுல உங்க தப்பு ஒன்னும் இல்லம்மா."

"எங்கிட்ட சொல்லி இன்னா மேடம் ஆவப்போவுது" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜோயலைக் காட்டினார். "அவங்கிட்ட சொல்லுங்க."

எத்தனையோ கூட்டங்களில் அதிகாரிகளுக்கு முன்னால் பேசியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தபோது எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவன் மூடியை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஜோயல், நீ எழுத்தை மறந்துபோறே இல்ல? அது உன் தப்பு இல்லப்பா. நாங்க ஒரு கெட்ட பைப்பு போட்டுட்டோம். அதுல வந்த தண்ணியைக் குடிச்சதால இருக்கலாம். இப்ப அதைப் பிடுங்கிட்டோம்."

அவன் அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அப்ப இனிமே மறந்தா அடிக்க மாட்டாங்களா?"

எஸ்தருக்கு அது கேட்டுவிட்டது.